அக்கா பையனுக்குப் பதினேழு வயசு, பெரியவங்க கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. என்ன பண்றதுங்க?

கொண்டலாம்பட்டி தறி
வியாழன், இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கமுங்க. அவசரம்ங்கறதால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எங்கக்கா பையன். பதினேழு நடக்குது. பத்தாவது பாஸ் பண்ணிட்டு மேல படிக்கல, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைல வேலைக்குப் போயிட்டிருந்தான். மாமா தவறி மூணு வருஷம் ஆகுது. முந்தாநேத்து ராத்திரி அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒருத்தர் கையில இருந்து போனைப் பிடுங்கிட்டுப் போனதா மூணு பேரை இன்னைக்குச் சாயங்காலம் பிடிச்சிருக்காங்க. வண்டி ஓட்டினது இவன். மத்த ரெண்டு பேரும் இருபதைத் தாண்டினவங்க, பட்டறைல பழக்கமானவங்க.

ஸ்டேஷன்ல ஆதாரைப் பார்த்துட்டு இவனுக்குப் பத்தொன்பதுன்னு எழுதிட்டாங்க. ஆதார் எடுக்கற முகாம்ல மாமா ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்லிட்டு வந்துட்டாரு, அதை யாரும் மாத்தவே இல்ல. நாளைக்குக் காலைல மூணு பேரையும் ஒண்ணா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துவாங்களாம்.

அங்க இருந்த ஒருத்தர் அக்காகிட்ட, "வயசைப் பத்திப் பேசாதம்மா. பெரியவங்க கேஸ்ல இருந்தா பத்துப் பதினஞ்சு நாள்ல ஜாமீன் வாங்கிடலாம். சின்னப் பசங்க கோர்ட்டுக்குப் போனா சீர்திருத்தப் பள்ளியில மூணு வருஷம் அடைச்சுடுவாங்க"ன்னு சொல்லியிருக்காரு. அக்கா அதை நம்பிட்டு வாயைத் திறக்க மாட்டேங்குது. நிஜமாவே அப்படித்தானுங்களா? ரெண்டு கோர்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?


அஸ்தம்பட்டி வக்கீல்
வியாழன், இரவு 11.05

அண்ணா, பத்தாவது மார்க் ஷீட் வீட்ல இருக்குதா? அதை மட்டும் உடனே பார்த்துச் சொல்லுங்க. இன்னொண்ணு, போனைப் பிடுங்கினப்போ கத்தி ஏதாவது காட்டினாங்களா?


கொண்டலாம்பட்டி தறி
வியாழன், இரவு 11.20

இருக்குதுங்க. அக்கா பீரோல துணிக்கு அடியில வெச்சிருக்குது. டி.சி.யும் இருக்கு. ரெண்டுலயும் ஒரே தேதிதான், அதன்படி பார்த்தா பதினேழு வயசு நாலு மாசம். கத்தி இருந்துச்சாம், ஆனா பின்னாடி உட்கார்ந்திருந்த இருபத்தஞ்சு வயசுக்காரன் கையில.


அஸ்தம்பட்டி வக்கீல்
வியாழன், இரவு 11.55

அக்காகிட்டச் சொன்னவர் தலைகீழாச் சொல்லியிருக்காரு. அவர் பேச்சைக் கேட்டா பையனுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு மொத்தத்தையும் நாமே தூக்கிப் போட்ட மாதிரி ஆயிடும். தயவு பண்ணி இதை அக்காவுக்குப் படிச்சுக் காட்டுங்க.

முதல்ல வயசு. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ல 94-வது பிரிவு, எந்தக் காகிதத்தை வெச்சு வயசை முடிவு பண்ணணும்னு வரிசையாச் சொல்லுது. பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்த தேதிச் சான்று, இல்லேன்னா பத்தாவது சான்றிதழ். அது இல்லாதப்போதான் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். எதுவுமே இல்லேன்னாதான் எலும்புப் பரிசோதனை. இந்த வரிசைல ஆதார் கிடையவே கிடையாது. 2024 அக்டோபர்ல ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல உச்ச நீதிமன்றமும் ஆதாரை விட்டுட்டு டி.சி.ல இருக்கிற தேதியைத்தான் எடுத்துக்கிச்சு. குற்றம் நடந்த அன்னைக்குப் பதினெட்டு முடியலைன்னா அவன் சட்டப்படி குழந்தை. பிடிபட்ட நாளோ கோர்ட்ல நிறுத்தின நாளோ கணக்கு இல்ல.

இப்ப ராத்திரி. அவனை லாக்கப்ல வைக்கக் கூடாது. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்களை லாக்கப்லயும் ஜெயில்லயும் போடவே கூடாதுன்னு 10-வது பிரிவு சொல்லுது. ஸ்டேஷனுக்கு ஒரு குழந்தைகள் நல காவல் அலுவலர் இருப்பாரு, அவர் பொறுப்புலதான் பையன் இருக்கணும். இப்பவே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டு, பையன் பேரு, ஸ்டேஷன், மார்க் ஷீட்படி வயசு மூணையும் சொல்லுங்க. போன் பண்ணின நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

காலைல மார்க் ஷீட், டி.சி. ரெண்டையும் அசலோட எடுத்துட்டு ஒன்பதரைக்கெல்லாம் கோர்ட் வாசல்ல இருங்க. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா கவலைப்படாதீங்க. குழந்தைக்கு இலவச சட்ட உதவி உரிமைங்க, அதுக்கு வருமானச் சான்று தேவையில்ல. கோர்ட் வளாகத்துலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்கும் கூப்பிடலாம். "இவன் சிறுவன்"னு ஒரு மனு போட்டு சான்றிதழைக் காட்டினா மாஜிஸ்ட்ரேட் பார்த்துட்டு, தன் கருத்தை எழுதி, பையனையும் கேஸ் கட்டையும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, அதாவது அவர் சின்னப் பசங்க கோர்ட்னு சொன்னதுக்கு, அனுப்பியாகணும். 9-வது பிரிவு. இந்த வாதத்தை எந்தக் கட்டத்துலயும், தீர்ப்பு வந்த பிறகு கூட எழுப்பலாம். ஆனா நாளைக்கு விட்டுட்டா அவன் பெரியவங்களோட ஜெயிலுக்குப் போவான். அங்க யாரோட பக்கத்துல படுப்பான்னு நம்ம கையில இல்ல.

இப்ப ஜாமீன். பெரியவங்க கோர்ட்ல ஜாமீன் கொடுக்கலாமா வேண்டாமான்னு கோர்ட் எடை போடும். குழுமத்துல ஜாமீன்தான் முறை, மறுக்கறது விதிவிலக்கு. குற்றம் ஜாமீன்ல வர்ற மாதிரி இருந்தாலும் வராத மாதிரி இருந்தாலும் 12-வது பிரிவுப்படி விடணும். ஜாமீன்தாரர் இல்லாம கூட விடலாம். வெளிய விட்டா தெரிஞ்ச ரவுடிங்க கூடச் சேர்ந்துடுவான், அவனுக்கே ஆபத்து, இல்ல நீதிக்கே கெடுதல்னு தோணினா மட்டும்தான் மறுக்க முடியும். அதுக்கும் காரணத்தை எழுதி வைக்கணும்.

மூணு வருஷம்னு பயமுறுத்தினாங்களே, அது குழுமம் போடக் கூடிய உச்சபட்சம். எந்தக் கேஸா இருந்தாலும் குழுமம் அதுக்கு மேல சிறப்பு இல்லத்துல, அவர் சீர்திருத்தப் பள்ளின்னு சொன்ன இடத்துல, வைக்க முடியாது. அதுக்கு முன்னாடி புத்தி சொல்லி அனுப்பறது, குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், நன்னடத்தை மேற்பார்வைல வீட்டுக்கே விடறதுன்னு எத்தனையோ படி இருக்கு. அதே வழிப்பறி பெரியவங்களுக்குப் பத்து வருஷம் வரைக்கும் போகும். ராத்திரி நெடுஞ்சாலைல நடந்திருந்தா பதினாலு.

கத்தியைப் பத்திக் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. பதினாறு தாண்டின பையன் மேல கொடிய குற்றம், அதாவது குறைஞ்சபட்சத் தண்டனையே ஏழு வருஷம்னு இருக்கிற குற்றம் சுமத்தினா, அவனைப் பெரியவன் மாதிரி விசாரிக்கலாமான்னு குழுமம் முதல்கட்ட மதிப்பீடு பண்ணும். வழிப்பறில ஆயுதத்தைப் பயன்படுத்தினா குறைஞ்சது ஏழு வருஷம். ஆனா அந்தப் பிரிவு ஆயுதத்தைக் கையில எடுத்தவனுக்கு மட்டும்தான் ஒட்டும், கூட இருந்தவனுக்கு ஒட்டாதுன்னு உச்ச நீதிமன்றம் 1975-லயே சொல்லியாச்சு. அதனால இவன் வண்டிதான் ஓட்டினான்ங்கறது எஃப்.ஐ.ஆர்.ல எப்படி எழுதியிருக்குன்னு நாளைக்கு வர்ற வக்கீலை முதல் வேலையாப் பார்க்கச் சொல்லுங்க.

தூங்குங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா காலைல அக்காவைச் சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வாங்க, அங்க மத்தியானம் வரைக்கும் நிக்க வேண்டி வரும்.


நெறியாளர்
வெள்ளி, காலை 6.40

இந்த இழையில் ஒருவர் பட்டறையின் பெயரைக் கேட்டிருந்தார், இன்னொருவர் வேறொரு குழுவில் சுற்றும் படத்தின் இணைப்பைப் போட்டிருந்தார். இரண்டையும் நீக்கிவிட்டேன். பையனின் பெயர், முகம், தெரு, படித்த பள்ளி, அவனை அடையாளம் காட்டும் எதுவும் இங்கே வரக் கூடாது. மீறினால் இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் படத்தை வைத்திருப்பவர்கள் உங்கள் தெருக் குழுவிலிருந்தும் அழித்துவிடுங்கள்.


மாமாங்கம் வாசி
வெள்ளி, காலை 8.15

அந்தம்மாவின் கஷ்டம் புரிகிறது. ஆனால் என் மனதில் இருப்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அம்மா விடியற்காலையில் கோவிலுக்குப் போய்விட்டு நடந்து வந்தார்கள். வண்டியில் வந்த இரண்டு பேர் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்ததில் ரோட்டில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. இழுத்தவனுக்குப் பதினாறு வயது. அவனைப் பிடித்தார்கள், கொஞ்ச நாளில் வெளியே வந்துவிட்டான் என்று கேள்வி. அம்மாவால் இன்றைக்கும் வலது கையைத் தூக்கித் தலை வார முடியாது, என் மனைவிதான் வாரிவிடுகிறாள். அந்தக் கோவிலுக்குத் தனியாகப் போவதையும் விட்டுவிட்டார்கள்.

பையனுக்கு வக்கீல், ஆலோசனை, மேற்பார்வை எல்லாம் இருக்கிறது. அம்மாவை யார் விசாரித்தார்கள்? பதினேழு வயதில் வண்டி ஓட்டத் தெரிகிறது, தப்பிக்கத் தெரிகிறது. தப்பு செய்கிறோம் என்பது மட்டும் தெரியாதா?


சேர்வராயன் அடிவாரம்
வெள்ளி, காலை 9.30

மாமாங்கம் நண்பருக்கு. நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி நியாயமானது. பணியில் இருந்த காலமெல்லாம் பறிகொடுத்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்வியும் இதுதான். அவர்களுக்கு நாங்கள் போதுமான அளவு பதில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பறிக்கும்போது கொடுங்காயம் ஏற்படுத்தினால் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு, ஆகவே அது கொடிய குற்ற வகையில் வரும். பதினாறு முடிந்தவன் என்றால், அவனை வளர்ந்தவனாக விசாரிக்கலாமா என்ற மதிப்பீட்டுக்கே அந்த வழக்கு போயிருக்க வேண்டும். வழக்கு எந்தப் பிரிவில் பதிவானது என்று பாருங்கள். சாதாரணப் பறிப்பு என்று மட்டும் எழுதியிருந்தால், அம்மாவின் தோள் அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை என்று பொருள். காயத்துக்கு இழப்பீடு கேட்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழி இருக்கிறது, காயச் சான்றிதழோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். குழுமத்தின் முன்பும் பாதிக்கப்பட்டவர் சாட்சி சொல்லலாம், சொல்ல வேண்டும். அங்கே பையனைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள் என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது, அது சரியல்ல.

"தெரியாதா" என்று கேட்டீர்கள். தெரியும், பல பேருக்கு நன்றாகவே தெரியும். தெரியாது என்று இந்தச் சட்டமும் சொல்லவில்லை. தெரிந்து செய்தவன் இன்னும் மாறக் கூடிய வயதில் இருக்கிறான் என்றுதான் சொல்கிறது. இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்லலாம், அடையாளம் எதுவும் தராமல்.

மலையில் ஒரு காபித் தோட்டம். காய வைத்திருந்த மிளகு மூட்டையைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து விற்றுவிட்டான் ஒரு பையன். பதினைந்து வயது. தோட்டக்காரர் கடும் கோபத்தில் இருந்தார், கோபத்துக்குக் காரணமும் இருந்தது, அது இரண்டாவது முறை. சமூகப் புலனாய்வு அறிக்கைக்காக நான் அந்த வீட்டுக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. லைன் வீடு, ஒரே அறை. பையனின் அம்மா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து அவனுடைய ஆறாம் வகுப்பு ரேங்க் அட்டையை எடுத்துக் கொடுத்தார். எல்லாப் பாடத்திலும் அறுபதுக்கு மேல். ஏழாம் வகுப்பில் அட்டையே இல்லை. அந்த வருடம்தான் அப்பா விட்டுவிட்டுப் போயிருந்தார், தங்கையைப் பார்த்துக்கொள்ள இவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். போலீஸ் கட்டில் இருந்தது "மிளகு, ஒரு மூட்டை". அவ்வளவுதான். இது வளர்ந்தவர்களின் நீதிமன்றமாக இருந்தால் அந்த ரேங்க் அட்டை எந்தக் கட்டத்திலும் மேசைக்கு வந்திருக்காது. அங்கே கேட்கப்படும் கேள்வி, எடுத்தானா இல்லையா, எந்தப் பிரிவு, எத்தனை மாதம். குழுமத்தில் அந்தக் கேள்வியும் உண்டு, கூடவே, இவன் நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவான் என்ற கேள்வியும் உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பதில் கொண்டுவருவதுதான் நன்னடத்தை அலுவலரின் வேலை. அதற்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் இரண்டு வாரம்.

பையனை ஒரு வருட மேற்பார்வையில் விட்டார்கள். மாதம் ஒருமுறை என்னிடம் வந்தான். சில மாதம் வரவில்லை, நானே மலையேறினேன். பிறகு கீழே ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். எல்லோரும் இப்படி ஆனார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று முறை திரும்பி வந்த பையன்களும் உண்டு. ஆனால் அவர்களைப் பதினாறு வயதில் பெரியவர்களோடு ஜெயிலில் போட்டிருந்தால் நான்காவது முறை கத்தியோடு வந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. சங்கிலி அறுக்கவும் கஞ்சா கடத்தவும் சின்னப் பையன்களை ஏன் வண்டியில் ஏற்றுகிறார்கள்? மாட்டினால் இவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற கணக்கில்தான் பெரியவர்கள் ஏற்றுகிறார்கள். குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 83-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 95-வது பிரிவில் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை. அந்தப் பிரிவுகளைப் போடுங்கள் என்று யாராவது கேட்கிறார்களா? உங்கள் அம்மாவின் வழக்கில் வண்டி ஓட்டியவன் யார், அவனுக்கு என்ன வயது?


மாமாங்கம் வாசி
வெள்ளி, காலை 10.05

ஓட்டினவனுக்கு முப்பது இருக்கும் என்று சொன்னார்கள். நீங்கள் சொன்ன பிரிவெல்லாம் போட்டார்களா என்று தெரியாது. எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துப் பார்க்கிறேன். நீங்கள் நேராகப் பதில் சொன்னதற்கு நன்றி ஐயா.


சட்டம் மூணாம் வருஷம்
வெள்ளி, காலை 11.30

வரலாறும் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்னு எழுதறேன். சின்னப் பசங்களுக்குத் தனிச் சட்டம்ங்கறது 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்கு அப்புறம் வந்த விஷயம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. நம்ம மாகாணத்துல 1920-லயே சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்துடுச்சு, இந்தியாவுலயே முதல்ல. 1986-ல நாடு முழுக்க ஒரே சட்டம். அதுல பையன்னா பதினாறு, பொண்ணுன்னா பதினெட்டு. 2000-ல ரெண்டு பேருக்கும் பதினெட்டு ஆச்சு. டெல்லி வழக்குல பதினெட்டு நிறையாத ஒருத்தன் மூணு வருஷத்துல வெளிய வந்ததுக்கு எழுந்த கோபத்துலதான் 2015 சட்டத்துல அந்தப் பதினாறு-பதினெட்டு மதிப்பீடு நுழைஞ்சுது. 2016 ஜனவரி 15-ல அமலுக்கு வந்துச்சு.

அந்த மதிப்பீட்டுல பெரியவன் மாதிரி விசாரிக்கலாம்னு முடிவாகி, அதுக்குன்னு இருக்கிற குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போனா கூட, தூக்கும் கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. இருபத்தொண்ணு வரைக்கும் பாதுகாப்பு இடத்துலதான் வைக்கணும், ஜெயில்ல இல்ல. இருபத்தொண்ணு ஆனதும் மாறியிருக்கானான்னு திரும்பப் பார்த்துட்டுத்தான் மிச்சத்தை முடிவு பண்ணுவாங்க.


கொண்டலாம்பட்டி தறி
வெள்ளி, இரவு 9.40

வீட்டுக்கு இப்பத்தான் வந்தோமுங்க.

காலைல ஒன்பதரைக்குப் போயாச்சு. ராத்திரி 1098-க்குப் போன் பண்ணின பிறகு ஸ்டேஷன்ல அவனைத் தனியா ஒரு பெஞ்சுல உட்கார வெச்சிருந்தாங்க, லாக்கப்ல போடல. கோர்ட் வராந்தால ஒரே கூட்டம். டவாலி பேரு கூப்பிடக் கூப்பிட, உள்ள போறவங்களும் வர்றவங்களும். அந்த ரெண்டு பேரையும் இவனையும் வரிசையா நிறுத்தியிருந்தாங்க. இவன் எங்களைப் பார்க்கல, காலையே பார்த்துட்டு நின்னான். சட்டப்பணிகள்ல இருந்து வந்த வக்கீல் சார் மனுவைக் கொடுத்து மார்க் ஷீட்டைக் காட்டினாரு. மாஜிஸ்ட்ரேட் தேதியைப் பார்த்துட்டு டி.சி.யையும் வாங்கி ஒத்துப் பார்த்தாங்க. அரசு வக்கீல் ஆதாரைச் சொன்னாரு. வக்கீல் சார் 94-ன்னு ஒரே வார்த்தை சொன்னாரு. எல்லாம் சேர்ந்து அஞ்சாறு நிமிஷம்தான். இவனைக் குழுமத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிட்டாங்க. மத்த ரெண்டு பேரும் ரிமாண்ட்.

மத்தியானம் குழுமம். நான் ஏதோ இன்னொரு கோர்ட்னு நினைச்சுட்டுப் போனேன். ஒரு பெரிய மேஜை, நாலஞ்சு நாற்காலி, அவ்வளவுதான். கூண்டு இல்ல, மேடை இல்ல. நடுவுல மாஜிஸ்ட்ரேட் அம்மா, ரெண்டு பக்கமும் ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை உறுப்பினர். கூட வந்த போலீஸ்காரர் காக்கிச் சட்டையில இல்ல, சாதாரணச் சட்டைல இருந்தாரு. வெளியாள் யாரையும் உள்ள விடல. அக்காவை இவன் பக்கத்துலேயே உட்கார வெச்சாங்க.

அந்தப் பொம்பளை உறுப்பினர் இவன் கையைப் பார்த்தாங்க. ரெண்டு விரல்ல பற்ற வைக்கிறப்போ சுட்ட வடு இருக்கும். "இது எப்ப இருந்து?"ன்னு கேட்டாங்க. "சேர்ந்த மாசமே"ன்னான். எத்தனை மணிக்கு வேலைக்குப் போவே, எத்தனை மணிக்கு விடுவாங்க, சம்பளம் யார் கையில கொடுக்கறாங்க, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அந்த ரெண்டு பேர் எப்படிப் பழக்கம்னு கேட்டப்பதான் சொன்னான், வண்டிக்குப் பெட்ரோல் போட்டுத் தர்றோம், ஓட்டக் கத்துக்கன்னு கூப்பிட்டாங்களாம். இது எனக்கே தெரியாது. இத்தனை மாசம் ஒரே வீட்டுல சாப்பிட்டிருக்கோம், நான் ஒருநாளும் கேட்கல.

கேஸை விசாரிக்கறது அப்புறம்தானாம். சனி ஞாயிறு கூர்நோக்கு இல்லத்துல, அதாவது கேஸ் முடியற வரைக்கும் பசங்களை வைக்கிற இடத்துல, இருக்கட்டும், திங்கக்கிழமை நன்னடத்தை அலுவலர் பேசினதும் ஜாமீனைப் பார்க்கலாம்னாங்க. அக்கா அழுதுச்சு. ஆனா நேத்து மாதிரி இல்ல.


அம்மாபேட்டை அக்கா
வெள்ளி, இரவு 10.30

தம்பி, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. உங்கக்காவை இந்த ரெண்டு நாள் தனியா விடாதீங்க.

ஒண்ணு கேக்கறேன், வக்கீலம்மா சொன்னா நல்லா இருக்கும். நாளைக்கு அந்தப் பையன் போலீஸ் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகணும்னா இந்தக் கேஸ் குறுக்க நிக்குமா? எங்க தெருவுல ஒரு பையனுக்குப் பதினஞ்சு வயசுல அடிதடி கேஸ். இப்ப இருபத்திரண்டு. அதுக்குப் பயந்துட்டே எந்தப் பரிட்சைக்கும் போட மாட்டேங்கறான்.


அஸ்தம்பட்டி வக்கீல்
சனி, காலை 7.15

அக்கா, அந்தப் பையனைப் பரிட்சை எழுதச் சொல்லுங்க. 24-வது பிரிவுப்படி, சின்ன வயசுல குழுமம் முடிச்ச கேஸால எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சதும் அந்தப் பதிவுகளை அழிக்கச் சொல்லி உத்தரவு போடணும்னும் இருக்கு. கொடிய குற்றத்துல பெரியவனா விசாரிச்சு குழந்தைகள் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது மட்டும் இதுல வராது. 2019-ல மத்திய தொழில் பாதுகாப்புப் படை வேலை சம்பந்தமான வழக்குல, சின்ன வயசுக் கேஸைக் காட்டி ஒருத்தருக்கு வேலையை மறுக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பெரியவங்களுக்கு இது கிடையாது. அவங்க வழக்கு ஆயுசு பூரா பின்னாலேயே வரும்.

விண்ணப்பத்துல கேள்வியை எப்படிக் கேட்டிருக்காங்கன்னு பார்த்துட்டுத்தான் பதில் எழுதணும். அந்தப் பக்கத்தை ஒரு வக்கீல்கிட்டக் காட்டிட்டு நிரப்பச் சொல்லுங்க.

கொண்டலாம்பட்டி அண்ணா, மத்த ரெண்டு பேர் வழக்கு வேற, இவன் வழக்கு வேற. பெரியவங்களோட சேர்த்து விசாரிக்கக் கூடாதுன்னு 23-வது பிரிவு. அவங்க வீட்டு ஆளுங்க வந்து ஒரே வக்கீல் வெச்சுக்கலாம், செலவைப் பாதியாப் போட்டுக்கலாம்னு கூப்பிடுவாங்க. போகாதீங்க. அவங்களுக்கு இவன் தலைல போடறதுதான் லாபம், இவனுக்கு நடந்ததை நடந்தபடி சொல்றதுதான் லாபம்.


கொண்டலாம்பட்டி தறி
சனி, காலை 8.00

நேத்து ராத்திரியே வந்துட்டாங்கங்க. நல்ல நேரத்துல சொன்னீங்க. முடியாதுன்னு சொல்லிடறேன்.


சேர்வராயன் அடிவாரம்
சனி, மாலை 5.20

தம்பி, நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போது வீட்டைப் பெருக்கி, நல்ல சட்டை போட்டு, எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று காட்ட வேண்டாம். பல குடும்பங்கள் அதைத்தான் செய்யும். அப்பா இறந்த பிறகு வீட்டில் என்ன ஆனது, கடன் எவ்வளவு, பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், உங்களில் யார் பேச்சைக் கேட்பான், எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். பட்டறைக்குத் திரும்பப் போக மாட்டான் என்றால் அதற்குப் பதில் என்ன ஏற்பாடு என்பதை நீங்களே யோசித்து வைத்திருங்கள். "பார்த்துக்கொள்கிறோம்" என்பதை அறிக்கையில் எழுத முடியாது. "தாய்மாமன் தறிப்பட்டறையில் பகல் நேர வேலை, மாலையில் தட்டச்சு வகுப்பு" என்றால் எழுதலாம்.


கொண்டலாம்பட்டி தறி
செவ்வாய், இரவு 8.50

நேத்து ஜாமீன் கொடுத்துட்டாங்க. அக்காவும் நானும் கையெழுத்துப் போட்டோம். வாரம் ஒருதரம் நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்கணும், அந்த ரெண்டு பேர் வீட்டாரோடயும் பேச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

வெளிய வந்ததும் என்னைப் பார்த்து, "மாமா, போனுக்காரருக்கு ரொம்ப அடிபட்டுச்சா?"ன்னு கேட்டான். எனக்குத் தெரியலைன்னேன். அடுத்த தடவை போறப்போ குழுமத்துல கேட்டுட்டு வரணும்னு இருக்கேன். மாமாங்கம் சார் எழுதினதை ராத்திரி அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போய் எங்கம்மா பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டான்.


மாமாங்கம் வாசி
செவ்வாய், இரவு 10.10

படித்தேன். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிவிட்டேன். ஐயா சொன்ன மாதிரிதான். பறிப்பு என்று மட்டும் இருக்கிறது. கீழே விழுந்ததைப் பற்றி ஒரு வரி, எலும்பு முறிவு என்ற வார்த்தையே இல்லை. வண்டி ஓட்டினவன் மேல் குழந்தையைப் பயன்படுத்திய பிரிவும் இல்லை. இனி என்ன செய்ய முடியும் என்று வக்கீலம்மா சொல்லுங்கள்.


அஸ்தம்பட்டி வக்கீல்
செவ்வாய், இரவு 10.45

சார், பெரியவன் வழக்கு எந்தக் கட்டத்துல இருக்குன்னு முதல்ல பார்க்கணும். விசாரணை முடியலைன்னா, குற்றச்சாட்டுப் பிரிவைத் தீர்ப்புக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் மாத்தற அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கு. அம்மாவோட எக்ஸ்ரே, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம், எஃப்.ஐ.ஆர். மூணையும் எடுத்துட்டு வாங்க. அம்மா வர வேண்டாம், நீங்க மட்டும் வந்தாப் போதும்.

கொண்டலாம்பட்டி அண்ணா, குழுமம் விசாரணையை முதல் நாள்ல இருந்து நாலு மாசத்துல முடிக்கணும், தேவைப்பட்டா இன்னும் ரெண்டு மாசம் நீட்டிக்கலாம். ஒரு வாய்தாவையும் விடாதீங்க. அந்த மார்க் ஷீட் அசலை இனி யார் கேட்டாலும் கையில கொடுத்துட்டு வராதீங்க, காட்டிட்டுத் திருப்பி வாங்கிக்கோங்க. ஜெராக்ஸ் அஞ்சு எடுத்து வெச்சிருங்க. ஆதார்ல பிறந்த தேதியைத் திருத்தறதுக்கும் இந்த வாரமே போயிட்டு வந்துடுங்க.


கொண்டலாம்பட்டி தறி
செவ்வாய், இரவு 11.00

நாளைக்குப் பகல் ஷிப்ட் முடிஞ்சதும் இவனையும் கூட்டிட்டுப் போறேன்ங்க.